குதிரை ட்ராட்டில் (துள்ளுநடையில்) தலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, உதவுங்கள்

வட்டம்20: ஞாயிறு டிரெஸ்ஸேஜ் டெஸ்ட் (குதிரையைச் சொன்னபடி நடத்திக் காட்டும் போட்டி). கடிவாள வாரைச் சேர்த்துப் பிடித்ததுமே தலையைத் தூக்கி ஓடுகிறது. 20 மீட்டர் வட்டம் முட்டை மாதிரி வருகிறது. இழுத்தால் இன்னும் வேகம். என்ன செய்வது? அவசரம்.

லாயக்காரன்: என்ன குதிரை, என்ன வயது? இரண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா? எப்போதிலிருந்து?

சேணம்71: சேணம்தான். கழற்றியதும் முதுகில் வியர்வை படிந்த இடத்தைப் பாருங்கள். நடுவில் காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்துகிறது.

பழையகை: தம்பி, இழுத்தால் ஓடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டு இன்னும் இழுக்கிறீர்கள். முதலில் நீங்கள் குதிரைமேல் உட்காரும் விதம், அப்புறம் டெஸ்ட். ரேஸிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அங்கே வார் இறுகினால் அதன்மேல் சாய்ந்து ஓடத்தான் பழகியிருக்கும்.

மழைக்காடு: விஷயம் சரி, கொஞ்சம் பதமாகச் சொல்லலாம். வட்டம்20, எழுந்து உட்காரும் ட்ராட்டில் உங்கள் தாளத்தை மெதுவாக்குங்கள். குதிரையின் தாளத்துக்கு நீங்கள் ஓடாதீர்கள். வட்டத்தின் உள்பக்கம் இருக்கும் உங்கள் காலால் அழுத்தி, வெளிப்பக்க வாரை நோக்கிக் குதிரையை அனுப்புங்கள். கழுத்து ஒரு விரல் இறங்கினாலும் அந்த நொடியே கையை இளக்குங்கள். தாமதித்தால் அதற்குப் புரியாது. என் குதிரைக்கு இது பிடிபட மூன்று மாதம் ஆனது.

சவுக்குமரம்: ரேஸ் குதிரையை டிரெஸ்ஸேஜில் வருத்தவே கூடாது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸ்ஸேஜ் அணி தங்கம் வாங்கியது ஐரோப்பாவில் பயிற்சி எடுத்துத்தான்.

மழைக்காடு: 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்க டிரெஸ்ஸேஜ் அணி வெண்கலம் வாங்கியபோது ஹில்டா கர்னி ஏறிய கீன் என்ற குதிரை, ரேஸ் இனமான தரோப்ரெட்தான். இனத்தைக் குறை சொல்லாதீர்கள்.

சவுக்குமரம்: ஒரு கீனை வைத்து எல்லாவற்றையும் எடைபோட முடியுமா? இங்கே பாதிக்கு மேல் முதுகு போய்த்தான் வருகின்றன.

பழையகை: முதுகு போவது ஏறுகிறவரால்.

வட்டம்20: மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போச்சு. ரேஸ் குதிரைதான், 7 வயது. வலது பக்கம் மட்டும். மூன்று வாரமாக.

லாயக்காரன்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மூன்று வாரம், ஒரே பக்கம் என்றால் பல்லைப் பாருங்கள். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல் கடைவாய்ப் பல்லின் வெளி விளிம்பு தேயாமல் கூர்மையாகி, கன்னத்தைக் கிழிக்கும். தீனியை மென்று உருட்டித் துப்புகிறதா?

வட்டம்20: ஆமாம், குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் சொன்னார். நான்தான் கவனிக்கவில்லை.

வட்டம்20 (4 நாள் கழித்து): டாக்டர் வாயைத் திறந்து காட்டினார். வலது கன்னத்தின் உள்ளே நகம் அளவுக்குப் புண். பல்லை ராவிவிட்டார். டெஸ்டுக்குப் போகவில்லை. புண் ஆறும்வரை பிட் (வாயில் மாட்டும் கடிவாளக் கம்பி) கிடையாது, கையில் பிடித்து நடத்துகிறேன். அப்புறம் மழைக்காடு சொன்ன தாளம்தான். நன்றி.