ஆட்வேர் ரிமூவல் டூல்: ‘விளம்பரக் களைக்கொத்தி’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக் கணினிக்கான உதவிக் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம், ‘ஆட்வேர் ரிமூவல் டூல்’ என்ற ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டோம். ஆட்வேர் என்பது கணினியில் நுழைந்து, கேட்காமலே விளம்பரம் காட்டும் நிரல்; அதை நீக்கும் கருவிக்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். போன வாரம் வந்த மடல்களை எல்லாம் மறுபடி படித்தேன். என் கருத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘விளம்பர மென்பொருள் நீக்கி’ போதுமே, எல்லோருக்கும் புரியும்.

அதில்தான் எனக்குச் சந்தேகம், ஐயா. விளம்பர மென்பொருள் என்றால் விளம்பரம் வடிவமைக்கப் பயன்படும் மென்பொருள் என்றுதான் புதிதாகப் படிப்பவர் நினைப்பார். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ‘விளம்பரத் தடுப்பான்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். அது உலாவிக்குள் உட்கார்ந்து பக்கங்களில் வரும் விளம்பரத்தை மறைக்கும், அவ்வளவுதான். கணினியில் நுழைந்து, தேடுபொறியை மாற்றி, முகப்புப் பக்கத்தை மாற்றி, தானாகச் சாளரம் திறக்கும் நிரலை அது தொடாது. நீக்கி, தடுப்பான் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால், தடுப்பானைப் போட்டுவிட்டுக் கணினி சுத்தமாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் இருப்பார்கள்.

> ‘விளம்பரத் தீநிரல் அழிப்பான்’

ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் உண்மைக்குத் தள்ளி நிற்கிறது. ஆட்வேர் எல்லாமே தீநிரல் (மால்வேர்) இல்லை. பெரும்பாலும் வேறொரு இலவச மென்பொருளை நிறுவும்போது, முன்கூட்டியே டிக் போட்டு வைத்த ஒரு கட்டத்தை நாம் கவனிக்காமல் ‘அடுத்து’ அழுத்த, அதன் வழியாக உள்ளே வருவது அது. நம் சம்மதத்தோடு வந்ததாகவே அதைச் செய்தவர்கள் வாதிடுவார்கள். அதனால்தான் பாதுகாப்பு நிறுவனங்களும் இவற்றை வைரஸோடு சேர்க்காமல், ‘வேண்டாததாக இருக்கக்கூடிய நிரல்’ என்று தனி வகையில் வைக்கின்றன. இரண்டாவது, நல்ல கருவி எடுத்தவுடனே அழிப்பதில்லை. தனிமைப்படுத்தி வைக்கும், தவறு என்றால் திரும்பக் கொடுக்கும். அழிப்பான் என்று பெயர் வைத்தால், இருக்கிற எல்லாவற்றையும் அழித்துவிடு என்று பொத்தானை அழுத்தும் மனநிலைதான் வரும்.

இதை அனுபவித்தே சொல்கிறேன். உறவினர் ஒருவரின் மடிக்கணினியில் உலாவியைத் திறந்தாலே வேறு தேடல் பக்கம் வந்தது. நம்பகமான கருவி ஒன்றை இறக்கி ஓட்டினேன், நீளமான பட்டியல் வந்தது, படிக்காமல் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழுத்திவிட்டேன். தேடல் பக்கம் சரியாகிவிட்டது. ஆனால் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்யவில்லை. கணினியோடு வந்த தயாரிப்பாளரின் மென்பொருளையும் அந்தப் பட்டியல் கீழே தனிப் பகுதியாகக் காட்டியிருந்தது, அதையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறேன். தனிமைப்படுத்திய இடத்திலிருந்து மீட்டதால் பிழைத்தேன்.

அப்போது மனதில் வந்த சொல்தான் களை. களை எடுக்கிறவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுப்பார், பயிரும் களையும் பக்கத்திலேயே நிற்கும், சில களை பயிர் போலவே இருக்கும். இந்தக் கருவியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதும் அதேதான். ‘களைதல்’ என்ற வினைக்கே நீக்குதல் என்ற பொருள் இருப்பது கூடுதல் வசதி.

வேர் என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. லெனோவோ கணினிகள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பி, 2015இல் வெளிச்சத்துக்கு வந்த சூப்பர்ஃபிஷ் என்ற ஆட்வேர் நினைவிருக்கும். அந்த நிரலை நிறுவல் நீக்கிய பிறகும் அது வைத்த வேர்ச்சான்றிதழ் (எந்தத் தளத்தை நம்பலாம் என்று கணினி முடிவு செய்ய உதவும் அடிப்படைச் சான்று) கணினியிலேயே கிடந்தது, அதையும் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்: நிரலை நீக்கிவிட்டாலும் குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி அது போட்டு வைத்த திட்டமிட்ட பணி ஒன்று அதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். உலாவியின் ஒத்திசைவு (சிங்க்) வழியாக, எடுத்துப் போட்ட நீட்சி (எக்ஸ்டென்ஷன்) மறுபடி வந்து உட்காரலாம். மேலே மட்டும் அறுத்தால் திரும்ப முளைக்கும் என்று விளக்கினால் யாருக்கும் புரியும்.

> ‘களைநிரல்’ என்று சுருக்கலாமே?

நானும் முதலில் அதைத்தான் எழுதி வைத்தேன், அக்கா. பிறகுதான் உறைத்தது: அதை வினைத்தொகையாகப் பிரித்தால் ‘களைகின்ற நிரல்’, அதாவது நீக்கும் கருவி என்றே ஆகிவிடும். நோயும் மருந்தும் ஒரே சொல்லில் வரக்கூடாது. அதனால் ஆட்வேருக்கு ‘விளம்பரக்களை’. முன்னால் விளம்பரம் இருப்பதால், முகத்தில் தெரியும் களையோடும் குழம்பாது.

கருவிக்கு முதலில் ‘களையெடுப்பான்’ நினைத்தேன். ஆனால் களைக்கொத்தி என்ற சொல்லே கையில் இருக்கும்போது புதிதாக ஏன் செய்ய வேண்டும்? உலாவி, கணினி போல இகரத்தில் முடிகிறது. கொத்தி தானாக வேலை செய்யாது, பிடித்திருப்பவர் பார்த்துத்தான் கொத்த வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

கையேட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன், படிக்க இடறுகிறதா என்று சொல்லுங்கள்:

“களைக்கொத்தியை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடல் முடிவின் மேலே வரும் விளம்பரத்தை நம்ப வேண்டாம், போலிக் களைக்கொத்தியே விளம்பரக்களையாக இருப்பதுண்டு. ஓட்டுவதற்கு முன் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்கி, திறந்திருக்கும் வேலையைச் சேமியுங்கள், ஏனெனில் கருவி மற்ற நிரல்களை மூடிக் கணினியை மறுதொடக்கம் செய்யக்கூடும். வருடிய (ஸ்கேன் செய்த) பின் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். தெரியாத பெயர் இருந்தால் அதன் டிக்கை எடுத்துவிட்டு, என்னவென்று தேடிப் பாருங்கள். எடுத்தவற்றைத் தனிமைப்படுத்தலில் சில நாள் வைத்திருந்து, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அழித்துவிடுங்கள்.”

‘தனிமைப்படுத்தல்’ என்பதை மாற்ற வேண்டாம் என்றே நினைக்கிறேன். 2020க்குப் பிறகு அந்தச் சொல் தெரியாத வீடு இல்லை.

இதையும் கையேட்டில் சேர்க்க வேண்டும்: திரையின் ஓரத்தில் வந்து விழும் அறிவிப்புகள் எல்லாம் களை இல்லை. ஏதோ ஒரு தளத்துக்கு எப்போதோ ‘அனுமதி’ கொடுத்திருப்போம், உலாவி அமைப்பில் அதை நிறுத்தினால் போதும், கொத்தியே தேவையில்லை.

மிச்சம் இருப்பது ஃபால்ஸ் பாசிட்டிவ். ‘தவறான நேர்மறை’ என்று பல இடத்தில் பார்க்கிறேன், படிப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை. நல்ல பயிரைக் களை என்று கருவி காட்டுவதற்கு ‘பொய்க்களை’ என்று வைத்திருக்கிறேன். ஆனால் அதைக் கேட்டால் களையே போலி என்று தோன்றுமோ என்று தயக்கம். இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று இரவு அந்த அத்தியாயத்தை மூடப் பார்க்கிறேன்.