ஆமிஷ் கடைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறோம்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது?

கோபி வாய்க்கால்மேடு:
வணக்கமுங்க. அமெரிக்காவுல, பென்சில்வேனியாவுல தம்பி வீட்டுல இருந்து ஆமிஷ்காரங்க இருக்கிற லான்காஸ்டர் ஒரு மணி நேரம். கார் வெச்சுக்காம குதிரை வண்டியோட பழைய முறையில வாழுற கிறிஸ்தவ சமூகம் அது. அக்டோபர் கடைசியில அப்பாவும் அம்மாவும் போய் ரெண்டு மாசம் இருப்பாங்க. ரெண்டு பேரும் சைவம், முட்டையும் இல்லை. ஆமிஷ்காரங்க தோட்டத்துக்குள்ளயே நடத்துற கடையில பால், வெண்ணெய், மாவு எல்லாம் நல்லாருக்குமாமே? அம்மா நெய்யை அங்கயே காய்ச்சலாம்னு இருக்காங்க. என்னைக்குப் போகணும், என்ன வாங்கணும், வரும்போது கொண்டாரலாமா?

பெருந்துறை மேற்கு:
நாள் பார்த்துத்தான் போகணுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு ஆமிஷ் கடையும் திறக்காது. நவம்பர்ல செவ்வாய், வியாழன் அவங்களுக்குக் கல்யாண நாள், சின்னக் கடைங்க அன்னைக்குப் பூட்டியிருக்கலாம். டிசம்பர் 25 மட்டுமில்லை, 26-ம் லீவு. புதன் இல்லைன்னா வெள்ளி காலையில போங்க. கார்டு வாங்காத கடைங்க உண்டு, அதனால ரொக்கம் வேணும். ரோட்டோரம் ஆளில்லாத மேசையில காயும் பக்கத்துல ஒரு பெட்டியும் இருந்தா, எழுதியிருக்கிற விலையைப் போட்டுட்டு எடுத்துக்க வேண்டியதுதான்.

340-ம் நம்பர் ரோட்டுல குதிரை வண்டி நிறையப் போகும். பின்னாடி ஆரஞ்சு முக்கோணம் தெரிஞ்சா வேகத்தைக் குறைக்கணும், ஹாரன் அடிக்கவே கூடாது, குதிரை மிரண்டுரும். முகம் தெரியுற மாதிரி போட்டோ எடுக்கிறது அவங்களுக்கு ஆகாது. அப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

சைவத்துக்கு வர்றேன். அங்க பெரிய சிக்கல் பன்றிக் கொழுப்புங்க. "பை"னு சொல்ற, மாவுக்குள்ள பழம் மாதிரி ஏதாவது வெச்சுச் சுடுற பலகாரத்தோட மேல்மாவுல அது இருக்கும், லேபிள்ல "லார்ட்"னு போட்டிருக்கும். லேபிள் இல்லாத பேக்கரிச் சாமானை வாங்காதீங்க. ஷூஃப்ளை பை வெல்லப்பாகு வாசத்துல இழுக்கும், ஆனா பெரும்பாலும் முட்டை இருக்கும். நூடுல்ஸும் பெரும்பாலும் முட்டை போட்டதுதான். ஸ்க்ராப்பிள் பழுப்பா கேக் துண்டாட்டம் இருக்கும், அது பன்றி இறைச்சியும் சோளமாவும். லெபனான் போலோனாங்கிற சாசேஜ் மாட்டிறைச்சி. சீஸுக்குப் பாலைத் திரிக்கிற ரென்னெட்டைக் கன்னுக்குட்டி வயித்துல இருந்தும் எடுப்பாங்க, அதனால "மைக்ரோபியல்" இல்லைன்னா "வெஜிடபிள் ரென்னெட்"னு போட்டிருந்தா மட்டும் எடுங்க. ஆப்பிள் பட்டரைத் தாராளமா வாங்கலாம், அதுல வெண்ணெயே கிடையாது. பட்டை போட்டுச் சுண்டக் காய்ச்சின ஆப்பிள், சப்பாத்திக்கு நல்லாருக்கும்.

மாவுல ஒரு விஷயம். "பேஸ்ட்ரி" மாவு சப்பாத்திக்கு ஆகாது, இழுத்தா பிஞ்சுரும். "ஒயிட் ஹோல் வீட்" நம்ம ஆட்டாவுக்குப் பக்கத்துல வரும். கடுகு வாங்க வேண்டாம். மஞ்சக் கடுகு அவங்க ஊறுகாய்க்கு, நம்ம தாளிப்புக்கு அந்த வாசம் வராது.

ஊத்துக்குளி மோர்ப்பானை:
நெய்யைப் பத்தி நான் சொல்றேங்க. உருளையா சுத்தி வெச்ச 2 பவுண்ட் வெண்ணெய் கிடைக்கும், அதாவது 907 கிராம். அதுல நிறைய உப்புப் போட்டது, "அன்சால்ட்டட்"னு பார்த்து எடுக்கணும். அடிகனமான பாத்திரத்துல சின்னத் தீயில அரை மணி நேரம். முதல்ல வெள்ளை நுரை பொங்கும், படபடன்னு சத்தம் வரும். சத்தம் அடங்கி, அடியில கசடு பொன்னிறமானதும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டு இறக்குங்க. 700 கிராம் நெய் தேறும். அந்த ஊர்ல காயில் போட்ட மின் அடுப்பா இருந்தா, அணைச்சாலும் சூடு போகாது. பாத்திரத்தையே வேற இடத்துக்கு மாத்திரணும், இல்லைன்னா கசடு கருகி நெய் கசந்துரும்.

இதெல்லாம் பண்ணினாலும் நம்மூர் வாசம் முழுசா வராதுங்க. நாம தயிரைக் கடைஞ்சு எடுக்கிறோம், அங்க பெரும்பாலும் புளிக்காத பாலாடையில எடுக்கிற வெண்ணெய். அம்மாவுக்கு அந்த வாசம் வேணும்னா பாலாடையாவே வாங்குங்க. "ஹெவி கிரீம்", 1 குவார்ட், கிட்டத்தட்ட ஒரு லிட்டர். "அல்ட்ரா பாஸ்சரைஸ்டு", அதாவது ரொம்ப அதிகச் சூட்டுல பதப்படுத்தினது, வேண்டாம். வெதுவெதுப்பா சூடாக்கி 2 ஸ்பூன் தயிர் கலந்து, லைட் மட்டும் எரியுற ஓவனுக்குள்ள 12 மணி நேரம். அப்புறம் 15 டிகிரி செல்சியஸுக்குக் குளிர வெச்சுக் கடையணும். சூடா இருந்தா வெண்ணெய் திரளாம கொழகொழன்னு நிக்கும், ரொம்பச் சில்லுன்னு இருந்தா சீக்கிரத்துல சேராது. குளிர்ந்த தண்ணியில தெளியுற வரைக்கும் கழுவுங்க. 400 கிராம் பக்கம் வெண்ணெய் வரும். மோரை வீணாக்காதீங்க, அந்த மோர்க்குழம்புக்குத் தனி ருசி.

பால் கண்ணாடிப் பாட்டில்ல இருந்தா கழுத்துப் பக்கம் பாருங்க. மஞ்சளா ஒரு பட்டை ஆடை நின்னா ஹோமோஜினைஸ் பண்ணாத பால், அதாவது கொழுப்பை உடைச்சுப் பாலோட கலந்துவிடாதது, அதை எடுங்க. காய்ச்சாத பாலும் அனுமதி வாங்கின பண்ணையில விப்பாங்க. வீட்டுல பொங்கக் காய்ச்சாம ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம்.

கோபி வாய்க்கால்மேடு:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். கொண்டாரதைப் பத்தி?

காங்கேயம் கிழக்கு:
வெண்ணெய், சீஸ் வேண்டாம், பால் பொருளுக்கு இங்க இறக்குமதி அனுமதி கேப்பாங்க. விதைப் பொட்டலமும் அப்படித்தான், அப்பா ஆசைப்பட்டாலும் விட்டுருங்க. ஜாம், ஆப்பிள் பட்டர் ஜாடி கைப்பையில போகாது, செக்-இன் பெட்டியில துணி சுத்தி வைக்கணும். குவார்ட் ஜாடி ஒண்ணே ஒன்றரைக் கிலோ வரும், அதனால அரை குவார்ட்டா வாங்குங்க. வாங்கும்போது மூடி நடுவுல விரலால அமுக்கிப் பாருங்க. உள்வாங்கி அசையாம இருக்கணும். டப்புன்னு மேல எழும்பினா சீல் விட்டுப்போச்சு, திருப்பி வெச்சுருங்க.