எபிக் 9754-ஆ, ஜியான் 6780இ-யா? டெமோவில் 128 கோர் பெட்டி திணறுகிறது, காரணம் புரியவில்லை

எபேன்_ரேக்

வணக்கம். மொரிசியஸில் ஒரு சின்ன ஹோஸ்டிங் நிறுவனத்தில் சர்வர் பக்கம் பார்த்துக்கொள்கிறேன். எபேன் சைபர்சிட்டியில் வாடகைக்கு ஒரு ரேக். அதில் ஜியான் கோல்ட் 6230 போட்ட இரட்டை சாக்கெட் சர்வர்கள் நான்கு ஓடுகின்றன. எல்லாம் பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்). உள்ளே பெரும்பாலும் பிஎச்பி தளங்கள், ஒரு ஹோட்டல் குழுமத்தின் முன்பதிவுக்கான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், கொஞ்சம் விண்டோஸ். ரேக்கில் இடம் இருக்கிறது, மின்சாரம்தான் இல்லை. ஒதுக்கிய வாட் முழுவதும் தீர்ந்துவிட்டது. அதனால் நான்கையும் எடுத்துவிட்டு, கோர் அதிகமுள்ள ஒற்றை சாக்கெட் சர்வர் இரண்டு வாங்கலாம் என்று மேலிடத்தில் முடிவாகியிருக்கிறது.

இரண்டு விலைப்பட்டியல் வந்திருக்கின்றன. ஒன்று ஏஎம்டி எபிக் 9754: 128 கோர், 256 திரெட் (ஒரு கோருக்கு இரண்டு), 360 வாட். இன்னொன்று இன்டெல் ஜியான் 6780இ: 144 கோர், ஹைப்பர்திரெடிங் கிடையாது (ஒரு கோருக்கு ஒரே திரெட்), 330 வாட். இரண்டிலும் டெமோ பெட்டி கொடுத்தார்கள். எங்கள் விஎம்களின் நகலை வைத்து ஓட்டிப் பார்த்தேன்.

படித்ததெல்லாம் எபிக் முந்தும் என்றுதான் சொல்கிறது. என் டெமோவில் நடந்தது நேர்மாறு. விஎம் குறைவாக இருக்கும்வரை எபிக் நன்றாகப் போகிறது. ஏற்ற ஏற்ற போஸ்ட்கிரெஸ் பதில் நேரம் எகிறுகிறது. சிபியூ பயன்பாடு பாதியைக்கூடத் தொடவில்லை, ஆனாலும் திணறல். ஜியான் அதே சுமையை அலட்டிக்கொள்ளாமல் தாங்குகிறது. விற்பனையாளரைக் கேட்டால் பயாஸ் புதுப்பிக்கச் சொல்கிறார். புதுப்பித்தேன், மாற்றமில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. தெற்கே ஒரு பின்னலாடை ஆலையில் கேமரா படங்களை அங்கேயே அலச ஒரு சர்வர் வைக்க வேண்டும். அதற்கும் இதே சிப் போதுமா, வேறு பார்க்கலாமா?

மெமரி_சாமி

மற்றதெல்லாம் இருக்கட்டும். எபிக் பெட்டியில் மெமரி குச்சி எத்தனை போட்டிருக்கிறார்கள்? மொத்த ஜிபி கேட்கவில்லை, எண்ணிக்கை. டிமிடிகோட் கட்டளையை ஓட்டி எந்தெந்த ஸ்லாட் காலி என்று இங்கே போடுங்கள்.

பழைய_யூனிக்ஸ்

அதோடு, சிபியூ 50% என்று பார்த்துவிட்டுப் பாதி மிச்சம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள் தம்பி. எபிக்கில் தெரிவது 256 திரெட்டின் கணக்கு. 128 கோரிலும் ஆளுக்கு ஒரு திரெட் ஓடினாலே 50% காட்டிவிடும். அதற்கு மேல் இரண்டாம் திரெட் தருவது கொசுறுதான். வேலையைப் பொறுத்துக் கூடும் குறையும், ஆனால் ஒருநாளும் இன்னொரு முழுக் கோர் ஆகாது. ஜியானில் அந்தக் குழப்பமே இல்லை. 50% என்றால் 72 கோர் உண்மையாகவே சும்மா இருக்கிறது. இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் போவீர்கள்.

எபேன்_ரேக்

சாமி, பார்த்தேன். எபிக்கில் 64 ஜிபி குச்சி 4. மற்ற 8 ஸ்லாட்டும் காலி. ஜியானில் 64 ஜிபி குச்சி 8, எல்லாச் சேனலும் (சிபியூவுக்கும் மெமரிக்கும் இடையிலான பாதை) நிரம்பியிருக்கிறது. எங்கள் சோதனைக்கு 256 ஜிபியே தாராளம், ஸ்வாப் பக்கம் (மெமரி போதாமல் டிஸ்க்கைப் பயன்படுத்துவது) போகவே இல்லை. அதனால் இதைப் பற்றி யோசிக்கவில்லை.

மெமரி_சாமி

அகப்பட்டது. கொள்ளளவு தாராளம்தான், பாதைதான் குறுகல்.

9754-க்கு 12 மெமரி சேனல். டிடிஆர்5-4800-இல் ஒரு சேனல் நொடிக்கு 38.4 ஜிபி தரும். பன்னிரண்டும் நிரம்பினால் 460.8 ஜிபி. உங்களிடம் இருக்கும் நாலு குச்சிக்கு 153.6 ஜிபிதான். 6780இ-க்கு 8 சேனல், டிடிஆர்5-6400, ஒன்றுக்கு 51.2 வீதம் 409.6 ஜிபி. ஆக 128 கோரை மூன்றில் ஒரு பங்கு மெமரிப் பாதையில் ஓடவிட்டு, முழுப் பாதை உள்ள 144 கோரோடு மோதவிட்டிருக்கிறார்கள். விஎம் கொஞ்சமாக இருக்கும்போது எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி) சமாளித்துவிடும். கூடக்கூட எல்லாரும் மெமரிக்கு வரிசையில் நிற்பார்கள். மெமரிக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் லினக்ஸ் சிபியூ பயன்பாடாகத்தான் எழுதும், தனியாகக் காட்டாது. அதனால்தான் எது முட்டுகிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை.

மீதி எட்டுக் குச்சியைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

எபேன்_ரேக்

கேட்டேன். தீவில் இருப்பு இல்லையாம். வெளியிலிருந்து விமானத்தில் வர வேண்டும், டெமோவுக்காக அதெல்லாம் செய்ய முடியாது என்கிறார். முழுசாக நிரப்பாத பெட்டியை ஏன் டெமோவுக்குத் தந்தீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

மெமரி_சாமி

அப்படியானால் ஒரு குறுக்குவழி. ஜியான் பெட்டியில் இருக்கும் 8 குச்சியும் ஆர்டிம் (வழக்கமான சர்வர் வகை மெமரி) தானே? எபிக்கிலிருந்து நாலையும் கழற்றிவிட்டு அந்த எட்டையும் போடுங்கள். 6400 குச்சி எபிக்கில் 4800-க்கு இறங்கி ஓடும். 9754 சேர்ந்த 9004 வரிசையில் 8 சேனல் நிரப்புவது அனுமதித்த அமைப்புதான். எந்த ஸ்லாட்டில் போடுவது என்பது மட்டும் போர்டு கையேட்டைப் பார்த்து. 307.2 ஜிபி கிடைக்கும். முழுசு இல்லை, ஆனால் சந்தேகம் தீர்ந்துவிடும். பழைய நாலோடு புது எட்டைக் கலந்து பன்னிரண்டு ஆக்கிவிடலாம் என்று மட்டும் போகாதீர்கள். வேறு வேறு வகைக் குச்சியைக் கலந்தால் பூட் ஆகும்போதே மெமரி டிரெயினிங்கில் (குச்சிகளைச் சோதித்துச் சீராக்கும் கட்டம்) மாட்டிக்கொண்டு பாதி நாள் போய்விடும்.

பழைய_யூனிக்ஸ்

கழற்றுவதற்கு முன் இரண்டு விற்பனையாளரிடமும் மின்னஞ்சலில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது செல்லாது.

ஈகோர்_ஆதரவாளர்

எபிக் பக்கமே எல்லாரும் பேசுவதால் ஜியானுக்காகவும் ஒரு வார்த்தை. உங்களுடையது ஹோஸ்டிங். ஒருவரையொருவர் தெரியாத வாடிக்கையாளர்கள் ஒரே பெட்டியில் இருக்கிறார்கள். ஒரே கோரின் இரண்டு திரெட்டை இரண்டு வாடிக்கையாளருக்குத் தருவது பாதுகாப்புக்கு நல்லதில்லை என்று பலர் எஸ்எம்டியையே (ஒரு கோரில் இரண்டு திரெட் ஓட்டும் வசதி) அணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 128-க்கு 144 என்று ஆகிவிடும். 6780இ-யில் ஒரு விசிபியூ (விஎம்முக்குத் தரும் மெய்நிகர் சிபியூ) என்றால் ஒரு நிஜக் கோர். பக்கத்து விஎம் ஆடினாலும் உங்கள் வேகம் அவ்வளவாக மாறாது. நூற்றுக்கணக்கான சின்ன பிஎச்பி விஎம்களுக்கு இதுதான் நிம்மதி. டிஎல்எஸ் குறியாக்கத்துக்கும் தரவுச் சுருக்கத்துக்கும் சிப்பிலேயே கியூஏடி என்ற துணைப் பகுதி இருக்கிறது, தேவையானால் அமைத்துக்கொள்ளலாம்.

மற்றபடி, ஒரு கோரின் வேகம் என்று வந்தால் 9754-இல் இருக்கும் ஜென் 4சி கோர் முந்தித்தான் நிற்கும், அதை நானும் மறுக்கவில்லை. அது ஜென் 4-இன் அதே வடிவமைப்பு, சுருக்கி அடுக்கியது, அவ்வளவுதான். 6780இ-யின் ஈ-கோர் வேறு இனம்.

கர்னல்_பீதி

யாரும் சொல்லாத ஒன்று: இடமாற்றம். "பழையதும் இன்டெல், புதியதும் இன்டெல், விஎம்மை நிறுத்தாமலே லைவ் மைக்ரேஷன் செய்துவிடலாம்" என்று நினைத்துத்தான் பலர் ஜியான் பக்கம் சாய்கிறார்கள். பழைய 6230-இல் ஏவிஎக்ஸ்-512 என்ற கட்டளைத் தொகுதி உண்டு. 6780இ-யில் கிடையாது. விஎம்மின் சிபியூ வகை 'ஹோஸ்ட்' என்று இருந்தால் உள்ளே ஓடும் நிரல் ஏவிஎக்ஸ்-512 இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். அப்படியே தூக்கி அங்கே போட்டால் நகராது, நகர்ந்தாலும் விழும். ஏஎம்டிக்கு மாறினாலும் லைவ் மைக்ரேஷனை நம்ப முடியாது, இரண்டு நிறுவனச் சிப்புக்கு நடுவே அது சரிவராது. ஆக எது வாங்கினாலும் ஒவ்வொரு விஎம்மையும் ஒருமுறை அணைத்து ஏற்றத்தான் வேண்டும். அணைக்கும்போதே சிபியூ வகையை எக்ஸ்86-64-வி3 (பல சிப்புகளுக்கும் பொதுவான வகை) ஆக்கிவிடுங்கள். அடுத்த தடவை தலைவலி குறையும்.

விண்டோஸ் எத்தனை விஎம்?

எபேன்_ரேக்

ஐந்தாறு. எல்லாம் ஸ்டாண்டர்ட் உரிமம்.

கர்னல்_பீதி

அப்போது அவற்றைப் புதிய பெட்டிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். விண்டோஸ் சர்வருக்குப் பெட்டியில் உள்ள எல்லாக் கோருக்கும் உரிமம் வாங்க வேண்டும். ஸ்டாண்டர்டில் அப்படி ஒருமுறை முழுசாக வாங்கினால் இரண்டு விஎம்தான். ஆறு விஎம்முக்கு 128 கோரை மூன்று சுற்று வாங்கினால் பில்லைப் பார்த்து மேலாளர் மயங்கிவிடுவார். பழைய 6230 பெட்டி ஒன்றை, ஒரு சாக்கெட்டைக் கழற்றி 20 கோராக வைத்துக்கொண்டு, விண்டோஸை அதிலேயே விடுங்கள். உங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரில் இரண்டே பெட்டி இருந்தால் ஒன்று விழும்போது மற்றதுக்குப் பெரும்பான்மை ஓட்டு இருக்காது. இந்தப் பழசு மூன்றாவது ஓட்டாக நிற்கும்.

எபேன்_ரேக்

இரண்டு பக்கமும் சம்மதம் வந்தது, குச்சிகளை மாற்றிப் போட்டேன். முதல் பூட்டில் திரை ரொம்ப நேரம் கருப்பாகவே நின்றது. மெமரி டிரெயினிங் என்று பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொள்ளும் தனிச் சிப்) பதிவில் பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. அதே விஎம், அதே சுமை. போஸ்ட்கிரெஸ் பதில் நேரம் இப்போது எகிறவில்லை, ஜியானை விட எபிக் தெளிவாக முன்னால் நிற்கிறது. 8 சேனலிலேயே இப்படி. சின்ன பிஎச்பி விஎம்களில் மட்டும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மின்சாரம் ஜியானில்தான் குறைவு.

ஹோட்டல் விஎம் மட்டும் அவ்வப்போது கொஞ்சம் ஏறி இறங்குகிறது. அதற்கு 24 விசிபியூ கொடுத்திருக்கிறேன்.

மெமரி_சாமி

9754-இன் 256 எம்பி எல்3 ஒரே குளம் இல்லை. 8 கோருக்கு 16 எம்பி என்று 16 துண்டு. 8 கோர் என்றால் 16 திரெட். உங்கள் விஎம் 24 என்பதால் இரண்டு துண்டில் கால் வைத்து நிற்கிறது. 16 விசிபியூ ஆக்கி, ஒரே துண்டின் திரெட்களோடு பிணைத்து ஓட்டிப் பாருங்கள். குறைத்தால் வேகம் கூடுமா என்று ஹோட்டல்காரர் கேட்பார். கூடும் என்று காட்டிவிடுங்கள்.

மின்சாரம் கவலை என்றால் 9754-க்கு சிடிடிபியை (சிப்பின் வாட் வரம்பு) 320 வாட் வரை இறக்கலாம், பயாஸிலேயே இருக்கிறது. உச்சச் சுமையில் கொஞ்சம் வேகம் போகும், உங்கள் வேலைக்குப் பெரிதாகத் தெரியாது.

வெப்பக்காற்று

ஆலை பற்றி யாருமே பேசவில்லையே. நான் பின்னலாடை ஆலைகளில் நெட்வொர்க் வேலை பார்த்தவன். அங்கே எதிரி பஞ்சுத் தூசி. ரேக்கின் முன் கதவு வலையில் சாம்பல் நிறக் கம்பளி போல் படியும். காற்று வழி அடைத்ததும் விசிறி அலறும், அப்புறம் சிபியூ தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 360 வாட் சிப்பை அங்கே வைப்பது வீண்.

எபிக் 8004 வரிசையைப் பாருங்கள். அதே ஜென் 4சி கோர், சின்ன சாக்கெட், 6 சேனல். 8324பிஎன் என்றால் 32 கோர், 130 வாட். தொலைத்தொடர்புக் கூண்டு போன்ற இடங்களுக்கென்றே செய்தது. ஏவிஎக்ஸ்-512 விஎன்என்ஐ (ஏஐ கணக்கை வேகமாக்கும் கட்டளைகள்) இருப்பதால் சில கேமராக்களைச் சிபியூவிலேயே அலசிவிடலாம். கேமரா எண்ணிக்கை கூடுமானால் சின்ன ஜிபியூ கார்டு ஒன்று போடுவதே மலிவு. "ஜியான் 6-இல் ஏஎம்எக்ஸ் இருக்கிறது, ஏஐ பறக்கும்" என்று யாராவது விற்க வந்தால், பி-கோர் மாடலா ஈ-கோர் மாடலா என்று கேளுங்கள். ஏஎம்எக்ஸ் பி-கோரில்தான். 6780இ-யில் இல்லை.

அலமாரியில் கழற்றிக் கழுவும் வடிகட்டி போடுங்கள், அதை மாதம் ஒருமுறை கழுவ ஆலையில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பிஎம்சிக்குத் தனி 4ஜி இணைப்பும் கட்டாயம். சூறாவளி எச்சரிக்கை 3-ஆம் வகுப்பு வந்துவிட்டால் எபேனிலிருந்து யாரும் கிளம்ப முடியாது. அந்த நேரத்தில்தான் சர்வர் படுக்கும்.

எபேன்_ரேக்

ரொம்ப நன்றி. இப்படிப் போகிறேன்: எபேனுக்கு 9754 இரண்டு, 320 வாட்டில். விண்டோஸுக்கும் மூன்றாவது ஓட்டுக்கும் பழைய பெட்டி ஒன்று. ஆலைக்கு 8324பிஎன். ஆதரவாளர் சொன்ன எஸ்எம்டி விஷயம் நியாயம். பொது வாடிக்கையாளர் இருக்கும் பெட்டியில் அதை அணைத்துவிட்டு, ஹோட்டல் இருக்கும் பெட்டியில் மட்டும் விடுவேன். ஒரு பெட்டி விழுந்து எல்லாம் மற்றதுக்கு வந்தால் அன்று மட்டும் பொறுத்துக்கொள்ளலாம். இடமாற்றத்தைத் தைப்பூசத்தன்று வைக்கச் சொல்கிறார் மேலாளர். பொது விடுமுறை, போக்குவரத்து குறைவு என்று. எங்கள் குழுவில் பாதிப் பேர் அன்று காவடி எடுக்கிறார்கள் என்பதை அவருக்கு யார் சொல்வது!

பழைய_யூனிக்ஸ்

நீங்களே சொல்லுங்கள், அடுத்த ஞாயிறு இரவுக்குத் தள்ளுங்கள். ஆர்டரில் "768 ஜிபி" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். "64 ஜிபி × 12, எல்லாச் சேனலும் நிரப்பி" என்று எழுதுங்கள். இல்லையென்றால் 128 ஜிபி குச்சி ஆறைக் கொண்டுவந்து நிற்பார்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கும், பாதிச் சேனல் காலியாக இருக்கும்.

எபேன்_ரேக்

எழுதிவிட்டேன் அண்ணே. கடைசியாக ஒன்று: பிற்பாடு இதே போர்டில் 192 கோர் எபிக் 9965 மாட்ட முடியுமா?

மெமரி_சாமி

சாக்கெட் அதே எஸ்பி5. பயாஸ் புதுப்பித்தால் ஏற்கும் போர்டுகள் உண்டு, ஏற்காதவையும் உண்டு. ஆனால் அது 500 வாட். போர்டின் மின் அமைப்பும் ஹீட்சிங்கும் தாங்குமா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். உங்கள் ரேக்கில் அதற்கு வாட் இருக்கிறதா என்பது வேறு கதை.