எங்க வீட்டுக் குழு: வகுப்பு மலருக்கு 42 பேர்

நான்: எல்லாருக்கும் ஒரு வேலை வச்சிருக்கேன். அச்சு பெரியப்பா, எழுத்து அத்தை, போட்டோ சித்தப்பா, பக்க வடிவமைப்பு சித்தி. பத்தாவது முடியப் போகுது. எங்க வகுப்புக்கு ஆண்டு மலர் போடறதா முடிவாச்சு, பொறுப்பு என் தலையில. 42 பேர். கையில நாலு வாரம். எங்க ஆரம்பிக்கட்டும்?

பெரியப்பா: அளவு என்ன, பக்கம் எத்தனை, பிரதி எத்தனை. இந்த மூணும் முடிவாகாம யார்கிட்டயும் படம் வாங்காத பாப்பா.

அத்தை: அதுக்கும் முன்னாடி உள்ள என்ன எழுதப் போறாங்கன்னு தெரியணும் அண்ணே. பக்கத்தை நிரப்பறதுக்காக எழுத வச்சா கவிதையாக் கொட்டும்.

நான்: அத்தை, நான் ஏற்கனவே எல்லார்கிட்டயும் "மறக்க முடியாத நிகழ்ச்சி எது"ன்னு கேட்டு வச்சிருக்கேன்.

அத்தை: எத்தனை பேர் விளையாட்டு விழா, எத்தனை பேர் சுற்றுலா?

நான்: 😶 அனுப்பின 19 பேர்ல 16.

அத்தை: அப்படித்தான் வரும். பெரிய நிகழ்ச்சி எதுன்னு கேட்டா பெரிய நிகழ்ச்சியைத்தான் சொல்லுவாங்க. சின்னதா, திட்டமா பதில் வர்ற மாதிரி கேளு. "முதல் நாள் உன்னால முடியாம இருந்து இப்போ யோசிக்காம செய்யறது எது?" "எந்தப் பாடம் யார் சொல்லித் தந்தப்பறம் புரிஞ்சது?" "உன் பெஞ்சுல இருந்து பார்த்தா என்ன தெரியும்?" மூணாவது கேள்விக்குத்தான் நல்ல பதிலா வரும். ஜன்னல் கம்பி, கரும்பலகையில வெளிச்சம் அடிச்சு எழுத்து தெரியாத மூலை, முன்னாடி இருக்கறவன் காலர்னு எழுதுவாங்க. 42 பேருக்கும் வேற வேற பதில் வரும், ஏன்னா 42 பேரும் ஒரே இடத்துல உக்காரல.

சித்தி: அண்ணி, இதையே ஒரு பக்கமா வரைஞ்சிடலாமே. பெஞ்சு வரைபடம். ஆண்டு ஆரம்பத்துல யார் எங்க, நடுவுல எங்க, இப்போ எங்க. மூணு கட்டம் பக்கத்துல பக்கத்துல.

அத்தை: அது இருந்தா பாதி முன்னுரை தேவைப்படாதும்மா. யார் யாரைப் பிரிச்சு உக்கார வச்சாங்கன்னு அதுலயே தெரிஞ்சிடும் 😄

நான்: ஆரம்பத்துல யார் எங்க இருந்தாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காதே.

அத்தை: அதுக்கு ஒரு பீரியடு வாங்கிக்கோ, 40 நிமிஷம் போதும். கரும்பலகையில மாசங்களைக் கட்டம் போட்டு எழுது. ஆளுக்கு மூணு சீட்டு. முதல் 10 நிமிஷம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருத்தர் "விழா"ன்னு சொல்லிட்டா மத்தவங்களுக்கும் அதுதான் தோணும். எழுதி முடிச்சதும் அந்தந்த மாசத்துல ஒட்டச் சொல்லு. கடைசி ரெண்டு மாசத்துல சீட்டு குவியும், ஆரம்ப மாசங்கள் மொட்டையா நிக்கும். அந்த மாசங்கள்ல ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம் இல்ல, பக்கத்துல நடந்தது முன்னால வந்து நிக்குது, அவ்வளவுதான்.

மொட்டையா நிக்கற மாசத்துக்கு பழைய கணக்கு நோட்டைப் பிரிக்கச் சொல்லு. ஓரத்துல தேதி இருக்கும். அந்தத் தேதியில என்ன கணக்கு, யார் கையெழுத்துல திருத்தல், எந்த நாள் விட்டுப் போயிருக்குன்னு பார்த்தாலே பேச்சு கிளம்பும். லேப் ரெக்கார்டு, பழைய டைம்டேபிளும் உதவும். வருகைப் பதிவேட்டை மட்டும் டீச்சர் கையில வச்சுப் படிக்கட்டும், பிள்ளைங்க கையில தர வேண்டாம்.

நான்: ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர் எழுதற மாதிரி வைக்கலாமா?

அத்தை: வை, ஆனா விருப்பத்துக்கு விடாத. நாலஞ்சு பேருக்குப் பத்து பத்தா எழுதுவாங்க, எட்டு பேருக்கு ஒண்ணும் இருக்காது. வரிசை எண்ணை வச்சுப் பிரி. 1-ஆம் எண் 8-ஐப் பத்தி, 2-ஆம் எண் 9-ஐப் பத்தி, இப்படி ஏழு ஏழு தள்ளி. எல்லாருக்கும் சரியா ஒருத்தர் எழுதுவாங்க, எல்லாரும் சரியா ஒருத்தரைப் பத்தி எழுதுவாங்க. அப்புறம் ஒரு சட்டம்: யாரைப் பத்தி எழுதினதோ அந்தப் பிள்ளை முதல்ல படிக்கணும். பட்டப்பேரு இருந்தா அவங்க சரின்னு சொன்னாத்தான் அச்சுக்கு. சிரிச்சுக்கிட்டே "பரவால்ல"ன்னு சொன்னா அது சரின்னு அர்த்தம் இல்ல.

நான்: நடுவுல பள்ளி மாறிப் போன ஒரு பையன் இருக்கான் அத்தை. அவனுக்குப் பதிலா சேர்ந்த பொண்ணும் இருக்கா.

அத்தை: ரெண்டு பேரையும் போடு. பெஞ்சு வரைபடத்துல அவன் முதல் கட்டத்துல வருவான், அவ கடைசிக் கட்டத்துல வருவா. அவன் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு, பெயர்ப் பட்டியலோட கடைசியில "முதல் பருவத்தில் எங்களோடு" அப்படின்னு ஒரு வரி.

பெரியப்பா: இப்போ நான் பேசலாமா?

அத்தை: பேசு அண்ணே 🙏

பெரியப்பா: ஏ5 அளவு. அதாவது ஏ4 தாளை நடுவுல மடிச்ச அளவு, 148 x 210 மி.மீ. நடுவுல ரெண்டு பின். பின் அடிக்கற புத்தகத்துல பக்கம் எப்பவும் 4-ன் மடங்கு. ஒரு தாள் மடிச்சா 4 பக்கம், அதனால 34 பக்கம்னு யாராவது கேட்டா ரெண்டு பக்கம் வெள்ளையாத்தான் போகும். உள்ளே 32, அட்டை 4. உள்தாள் 8, அட்டைத்தாள் 1, ஆக 9 தாள். இவ்வளவு மெலிசு பின்னுக்கு ரொம்ப வசதி.

உள்தாள் 130 ஜிஎஸ்எம் மேட், அட்டை 250. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்ங்கறது. பளபளன்னு கிளாஸி வேண்டாம், டியூப்லைட்டுக்கு அடியில முகத்துல வெளிச்சம் அடிக்கும். அட்டைக்கு மடிக்கற இடத்துல கோடு அழுத்தச் சொல்லணும், தாளோட நார் முதுகுத்தண்டு போற திசையிலயே ஓடணும். குறுக்கால போனா மடிப்பு வெடிச்சு வெள்ளைக் கோடு தெரியும்.

நான்: ஆட்டோகிராப் பக்கம் வேணும்னு எல்லாரும் கேக்கறாங்க பெரியப்பா.

பெரியப்பா: மேட் தாள்லயும் பேனா மை உடனே காயாது, கை பட்டா இழுவும். பூச்சு இல்லாத 100 ஜிஎஸ்எம் தாள் ஒண்ணு நடுவுல சொருகிடு. 32 பக்கத்துல நடுத்தாள்னா 15, 16, 17, 18. நாலு பக்கமும் ஒரே தாள்ல, ஒண்ணா வந்து விழும். வேற எங்க அந்தத் தாளை வச்சாலும் ரெண்டு பக்கம் முன்னாடி, ரெண்டு பக்கம் பின்னாடின்னு பிரிஞ்சு போயிடும்.

சித்தப்பா: அண்ணே, நடுப்பக்கத்துல குரூப் போட்டோ போடலாம்னு நெனச்சேன். ரெண்டு பக்கம் சேர்த்து 296 மி.மீ. அகலம் கிடைக்குமே.

பெரியப்பா: நடுவுல யார் நிக்கறாங்களோ அவங்க மூக்கு மேல மடிப்பு விழும், பின்னும் அங்கதான். ஒத்துக்குவாங்களா?

சித்தப்பா: வரிசைக்கு இரட்டைப்படையா நிறுத்தினா நடுவுல இடைவெளி வரும்.

பெரியப்பா: வரும். ஆனா எல்லா வரிசையும் இரட்டைப்படைன்னா முன்னாடி தலைக்கு நேர் பின்னாடி தலை. பின் வரிசை ஆள் இடைவெளியில தெரியணும்னா ஒரு வரிசை இரட்டை, அடுத்தது ஒற்றை. ஒற்றை வரிசைக்கு நடு ஆள் உண்டு. எப்படிப் போட்டாலும் யாரோ ஒருத்தர் மாட்டுவாங்க.

சித்தி: டீச்சர் ரெண்டு பேரையும் சேர்த்து ரெண்டா பிரிச்சு இந்தப் பக்கம் 22, அந்தப் பக்கம் 22 எடுத்தா?

அத்தை: வகுப்பை ரெண்டா வெட்டாதீங்க.

சித்தப்பா: சரி, ஒரே பக்கத்துல படுக்கவாட்டுல போட்டுடலாம். 210 மி.மீ. கிடைக்கும். புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். 42 பேரோட கிளாஸ் டீச்சர், பி.டி. சார் சேர்த்து 44. தரையில 10, நாற்காலியில டீச்சர்களோட 11, நிக்கறவங்க 12, பின்னாடி பெஞ்சு மேல 11. பெரிய வரிசையில ஆளுக்கு 17 மி.மீ. வரும், முகம் 8 மி.மீ. கிட்ட. அடையாளம் தெரியும்.

நான்: போன்ல எடுத்தா போதுமா சித்தப்பா?

சித்தப்பா: போதும், ஆனா 0.5 வைடு மட்டும் போடாத. ஓரத்துல நிக்கறவங்க முகம் பூசணிக்காய் மாதிரி இழுக்கும். 1x வச்சுப் பின்னாடி தள்ளிப் போ. ஸ்டாண்டு கட்டாயம். உச்சி வெயில்ல எடுத்தா கண் குழியில கறுப்பு விழும், கட்டடத்தோட நிழல்ல நிறுத்து. பாதி நிழல் பாதி வெயில் மட்டும் கூடவே கூடாது.

கண் மூடறதுக்கு ஒரு கணக்கே இருக்கு. நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ்னு ஆஸ்திரேலியாவுல ரெண்டு பேர் போட்டது, 2006-ல இக் நோபல் கணிதப் பரிசு வாங்கினாங்க, சிரிக்க வச்சு யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்குத் தர்ற பரிசு அது. 20 பேருக்குக் கீழே, நல்ல வெளிச்சம்னா ஆள் எண்ணிக்கையை 3-ஆல வகுத்து அத்தனை படம் எடுக்கணும். 44 பேருக்கு அந்த வாய்ப்பாடு எடுபடாது, ஒருத்தராவது பெரும்பாலும் கண்ணை மூடியிருப்பாங்க. அதனாலதான் ஸ்டாண்டு. 30 படம் அசையாம எடுத்தா ஒண்ணுல இருந்து திறந்த கண்ணை எடுத்து இன்னொண்ணுல வைக்கலாம்.

தனிப் படத்துக்கு ஜன்னல் பக்கவாட்டுல இருக்கற சுவர். லைட்டை அணைச்சிடு, ரெண்டு வெளிச்சம் கலந்தா ஒரு கன்னம் நீலம் ஒரு கன்னம் மஞ்சள். 2x, எல்லாருக்கும் ஒரே தூரம், தரையில சாக்பீஸ்ல கோடு. ஒவ்வொருத்தருக்கும் முதல் படத்துல வரிசை எண்ணைத் தாள்ல எழுதி நெஞ்சுக்கு நேரா பிடிக்கச் சொல்லு, அடுத்த படம் முகம். பேரும் படமும் மாறிப் போறது இதால நிக்கும்.

சித்தி: ஃபைல் பேரு 01, 02, 07ன்னு சுழியோட வை கண்ணு. சுழி இல்லைன்னா சில சாஃப்ட்வேர் 1-க்கு அப்புறம் 10, 11னு வரிசைப்படுத்தும். 2-ஆவது பொண்ணு படம் 10-ஆவது பையன் பேரு மேல போய் உக்காரும்.

நான்: படமெல்லாம் வகுப்புக் குழுவுலயே வாங்கிக்கறேன் சித்தி.

சித்தி: வாங்கு, ஆனா டாக்குமெண்டா அனுப்பச் சொல்லு. சும்மா போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் நீளப் பக்கத்தை 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேணும், 1600-க்குப் பதிமூன்றரை செ.மீ. தான் தாங்கும். தனிப் படம் 25 x 30 மி.மீ. தான், அதுக்கு 300 x 360 பிக்சல் போதும், சுருங்கினாலும் பிரச்சினை இல்ல. குரூப் போட்டோவுக்கு ஓரம் வெட்டறதுக்குன்னு ரெண்டு பக்கமும் 3 மி.மீ. சேர்த்தா 216 மி.மீ., அதுக்கு 2550 பிக்சலாவது இருக்கணும். அதை மட்டும் ஒரிஜினல் இல்லாம வாங்கவே மாட்டேன்.

பக்கத்துக்கு 6 பேர், 7 பக்கம். ஆளுக்கு 25 வார்த்தை. 26-ஆவது வார்த்தைக்கு எழுத்தைச் சின்னதாக்க மாட்டேன், முன்னாடியே சொல்லிடறேன்.

பெரியப்பா: ஓரத்துல இருந்து 10 மி.மீ. உள்ளதான் எழுத்து இருக்கணும்மா. மடிச்சா நடுத்தாள் வெளியே பிதுங்கும், வெட்டும்போது அதோட ஓரம்தான் கூடுதலாப் போகும். பக்க எண்ணை ஓரமா வச்சா நடுவுல பாதி எண் காணாமப் போயிடும்.

சித்தி: சரி மாமா. எழுத்து வெறும் கறுப்புல மட்டும் போடறேன், நாலு மையும் கலந்து வராது. போன்ல மின்னற நீலம் அச்சுல மங்கும், அதை மட்டும் பிள்ளைங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வை.

இன்னொண்ணு, தட்டச்சு யூனிகோட்ல மட்டும். யூனிகோடுக்கு முந்தின பாமினி மாதிரி எழுத்துருவுல அடிச்சு அனுப்பினா மாத்தும்போது மேற்கோள் குறியெல்லாம் எழுத்தா மாறி நிக்கும். நான் பக்கம் அமைக்கற இன்டிசைன் சாஃப்ட்வேர்ல, தமிழ் எழுத்தைச் சரியாக் கோக்கற வேர்ல்ட் ரெடி கம்போசர் அமைப்பைப் போடலைன்னா "பொன்"ல கொம்பு தப்பான இடத்துல போய் விழும். அச்சாபீசுக்கு எழுத்துரு உள்ளடக்கிய பிடிஎஃப் தான் போகணும், திறந்த ஃபைல் இல்ல.

நான்: பேரெல்லாம் டீச்சர்கிட்ட இருக்கற பட்டியல்ல இருந்து எடுத்துக்கறேன்.

அத்தை: எடுக்காத. அதுல இங்கிலீஷ்ல இருக்கறதை நீ தமிழ்ல எழுதுவ, "கலா"வா "களா"வான்னு திணறுவ, இனிஷியல் "சி"யா "சீ"யான்னு உனக்குத் தெரியாது. ஒரு தாளைச் சுத்த விட்டு அவங்கவங்க பேரை அவங்கவங்க கையாலயே தமிழ்ல எழுத வை. கடைசியில சரிபார்க்கறதுக்காகத் தாள்ல எடுத்த ப்ரூஃப்ல அதே பேருக்குப் பக்கத்துல கையெழுத்து வாங்கு. 42 கையெழுத்து இல்லாம அண்ணன்கிட்ட போகக் கூடாது.

பெரியப்பா: போனாலும் நான் திருப்பி அனுப்பிடுவேன். அச்சானப்புறம் பேருத் தப்புக்கு ஸ்டிக்கர் ஒட்டினா புத்தகத்தைத் திறந்ததும் அதுதான் தெரியும்.

நான்: எனக்குப் பயமா இருக்கு பெரியப்பா. நாலு வாரம் போதுமா?

பெரியப்பா: பின்னாடி இருந்து எண்ணு. அச்சு, மடிப்பு, பின், வெட்டுக்கு 5 நாள். ப்ரூஃப்புக்கு 3 நாள். சித்திக்கு 8 நாள். மிச்சம் 12 நாள் உங்க வகுப்புக்கு, அதுல எழுத்துக்கு 7 நாள்னு சொல்லு, உள்ளுக்குள்ள 10 நாள்னு வச்சுக்கோ. பிரதி 42, ரெண்டு டீச்சர், பள்ளி நூலகம், போன பையனுக்கு ஒண்ணு, கை இருப்பு 4. ஆக 50. 50 பிரதிக்குத் தட்டு போட்டு அடிக்கற ஆஃப்செட் தேவையில்ல, டிஜிட்டல் போதும்.

அத்தை: படம் போட வீட்டுல சம்மதம் வாங்கினியா? போன் நம்பர், வீட்டு முகவரி, பிறந்த தேதி எதுவும் உள்ள வரக் கூடாது. பிடிஎஃப் வகுப்பைத் தாண்டி வேற குழுவுக்குப் போகக் கூடாது. 

நான்: சம்மதத் தாள் நாளைக்குக் குடுக்கறேன் அத்தை.

சித்தப்பா: அக்கா, ஒண்ணு விட்டுட்டோம். மத்த படங்கள்ல யார் எத்தனை தடவை வர்றாங்கன்னு எண்ணணும். பேரு பட்டியலை வச்சுக்கிட்டு படம் தேர்வு பண்ணும்போதே கோடு போட்டுக்கிட்டே வா பாப்பா. படம் எடுத்த பையன் எந்தப் படத்துலயும் இருக்க மாட்டான், பெரும்பாலும் அவனுக்குத்தான் சுழி விழும். தனிப் படம் போக ஆளுக்கு ரெண்டு இல்லைன்னா நிறுத்தி வேற படம் தேடு.

நான்: இப்பவே எண்ணிப் பார்த்தேன். ஒரே ஆள் 14 படத்துல.

அத்தை: யாரு?

நான்: நான்தான் 🙈

சித்தி: 10-ஐ எடுத்துடு.

நான்: எடுத்துட்டேன். அத்தை, ஏழு தள்ளி எண்ணும்போது 35-ஆம் எண் 42-ஐப் பத்தி எழுதும். 36 யாரைப் பத்தி?

அத்தை: 1-ஐப் பத்தி. 42 எழுதறது 7-ஐப் பத்தி.

நான்: சரி. சீட்டு 126 வெட்டிட்டேன். பெயர்த் தாள் நாளைக்கு முதல் பீரியடுல சுத்த விடறேன். முடிஞ்சதும் ஸ்கேன் பண்ணி இங்க போடறேன் சித்தி, டாக்குமெண்டா.