தாத்தாவின் டிரங்குப் பெட்டி நோட்டீஸ்களை லேமினேட் பண்ணலாமா?

வியாசர்பாடிவாசி: தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். போன வாரம் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். சங்கத்து நோட்டீஸ், கூட்ட அழைப்பு, நாலணாப் பிரசுரம் என்று முந்நூறுக்கு மேல் இருக்கும், ஸ்டேப்ளர் பின் எல்லாம் துருப்பிடித்து, மடிப்பைத் தொட்டாலே உதிர்கிறது. பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடு என்கிறார் அம்மா. ஆனால் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் கறுப்பின மக்களின் பிரசுரங்களை, 1822 முதல் 1909 வரை, கிட்டத்தட்ட நானூறு, ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். பார்த்தால் பிரசங்கம், சங்க அறிக்கை, இப்படித்தான் இருக்கிறது அதுவும். நான் என்ன செய்ய? லேமினேட் பண்ணலாமா?

பழையதாள்: ஐயோ வேண்டாம் தம்பி! ஒட்டினால் பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் கூடாது, நான் ஒட்டி நாசமாக்கியது ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. பின்னைப் பிடித்து இழுக்காதீர்கள். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, கால்களை நிமிர்த்திவிட்டு எடுங்கள். அப்புறம் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், நம் ஏரியா மழை தெரியுமே.

ராயபுரத்தான்: முதலில் பட்டியல் போடுங்கள். அந்த அமெரிக்க நூலகத்திலேயே வேலை பார்த்த டேனியல் மர்ரே என்ற கறுப்பினத்தவர், 1900 பாரிஸ் கண்காட்சிக்காக, தம் மக்கள் எழுதிய நூல்களையும் பிரசுரங்களையும் பட்டியலிட்டு அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பி, விட்டுப்போனதைச் சொல்லுங்கள் என்று கேட்டார். வந்து குவிந்தது. அவர் சொந்தமாகச் சேர்த்ததும் 1925-ல் அவர் இறந்தபின் அங்கேயே போய்ச் சேர்ந்தது. உங்கள் நோட்டீஸில் தேதி இல்லாவிட்டாலும் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும், 1867 அச்சகச் சட்டப்படி அப்போது போட்டே ஆகவேண்டியிருந்தது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலோடு பழைய தமிழ் அச்சுப் பிரதிகளைக் காக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பழையதாள்: பிரசுரம் என்றால் இளப்பம் வேண்டாம். பாஸ்டனில் பழைய துணி விற்ற டேவிட் வாக்கர் 1829-ல் அடிமை முறைக்கு எதிராகப் போட்ட பிரசுரத்தைக் கப்பல்காரர்கள் கையில் கொடுத்தனுப்பினார், தெற்கு மாநிலங்கள் அலறித் தடை போட்டன. நம் பக்கமும் தொடர்பு உண்டு: மராட்டியச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் பூலே 1873-ல் சாதிக்கு எதிராக எழுதிய ‘குலாம்கிரி’யை அடிமைகளை விடுவித்த அமெரிக்கர்களுக்குத்தான் சமர்ப்பித்தார்.

வியாசர்பாடிவாசி: சரி, நேற்று ராத்திரி பட்டியலில் நாற்பது முடித்தேன், ஜன்னல் வெளிச்சம் போய்விட்டதால் போட்டோ மட்டும் பாக்கி. பின்பக்கமும் எடுக்கவேண்டும், ஒரு வேலைநிறுத்த நோட்டீஸின் முதுகில் தாத்தா மளிகைக் கடன் எழுதியிருக்கிறார்: அரிசி, மண்ணெண்ணெய், பீடி. அதைப் பார்த்த பிறகு அம்மா பேப்பர்காரர் பேச்சை எடுக்கவில்லை.