கலைச்சொல் விவாதம்: க்விக் டிடாச்சபிள் ஸ்கோப் மவுண்ட் – விரைகழல் தாங்கியா, மீளேந்தியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வேட்டை ரைபிளின் மேலுள்ள ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்க உதவும் தொலைநோக்கியை, கையாலேயே கழற்றி, பிறகு அதே இடத்தில் மாட்ட உதவும் அமைப்புக்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: விரைகழல் தாங்கி, உடன்கழற்றி, துரித விடுவிப்புப் பிடி. மூன்றுமே ஆங்கிலப் பெயரைப் பின்பற்றி, கழற்றும் வேலையை மட்டும் சொல்கின்றன. எந்த ஸ்கோப்பையும் திருகாணிகளை எடுத்தால் கழற்றிவிடலாம். திரும்ப மாட்டியபின் தோட்டா பழைய இடத்திலேயே போய்ப் படுகிறதா என்பதற்காகத்தான் இந்த அமைப்பை விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்தச் செயல் நம் சொல்லில் இருந்தாக வேண்டும்.

> விரைகழல் தாங்கி சுருக்கமாக இருக்கிறது. வினைத்தொகையாகவும் அழகாக அமைகிறது. இதையே உறுதிசெய்துவிடலாம்.

அந்த வினைத்தொகைதான் எனக்கு உறுத்துகிறது. கழல்வது வேறு, கழற்றுவது வேறு. சங்கப் பாடல்களில் தலைவியின் கைவளையை யாரும் கழற்றுவதில்லை. பிரிவால் கை மெலிகிறது, வளை தானே கழன்று விழுகிறது. விரைகழல் தாங்கி என்றால் சீக்கிரம் தானே கழன்றுவிடும் தாங்கி என்றுதான் தமிழ் காது கேட்கும். பின்னுதைப்பு பலமான ரைபிளில் ஸ்கோப் தானே கழல்வதைப் போன்ற கேடு வேறில்லை. பொருளுக்கு நேர் எதிரான குணத்தைப் பெயராக வைக்க வேண்டாம்.

தாங்கி என்ற சொல்லும் நமக்குக் காலியாக இல்லை. பொறியியல் பாடநூல்களில் அது பேரிங்குக்கு நிலைத்துவிட்டது. சுழலும் அச்சைத் தாங்குவதையும் ஸ்கோப்பைப் பிடித்திருப்பதையும் ஒரே சொல்லால் குறித்தால் மொழிபெயர்ப்பாளர் பாடு திண்டாட்டம். மவுண்டுக்கு ‘ஏந்தி’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. மேலே ஒரு பொருளை வைத்துப் பிடித்திருப்பது என்ற பொருள் அதில் இயல்பாகவே இருக்கிறது.

> இதன் பயன் என்ன என்று ஒருவர் விளக்கினால் சொல் தேடுவது எளிதாகும். ஸ்கோப் இருந்தால் நல்லதுதானே, ஏன் கழற்ற வேண்டும்?

நல்ல கேள்வி. ஆப்பிரிக்காவில் எருமை, சிங்கம் போன்ற ஆபத்தான விலங்குகளை வேட்டையாடுவோரிடமிருந்து தொடங்கலாம். .375 எச் அண்ட் எச் மேக்னம் 1912-இல் வந்த தோட்டா. அந்த வேட்டைக்கு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. வெட்டவெளியில் தொலைவிலிருந்து சுட ஸ்கோப் உதவும். ஆனால் காயம்பட்ட எருமை அடர்புதருக்குள் புகுந்துவிட்டால் அதைப் பின்தொடர்ந்தாக வேண்டும். அது சில அடி தூரத்தில் எதிரே பாயக்கூடும். அப்போது உருப்பெருக்கிய ஸ்கோப்பில் தெரிவது வெறும் கருந்தோல். கிளைகளும் ஸ்கோப்பில் சிக்கும். அந்த நேரத்தில் ஸ்கோப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, குழலின் மேலுள்ள முன்குறியையும் பின்குறியையும் வைத்துச் சுடுவது பலருக்கும் வழக்கம். அங்கே நிதானமாகத் திருப்புளியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த பயன், ஸ்கோப்பே கெட்டுப்போகும்போது. கீழே விழுந்து அடிபடலாம், உள்ளே ஈரம் புகுந்து கண்ணாடி மங்கலாம். நிலையாகத் திருகப்பட்ட ஸ்கோப் என்றால் வேட்டை அங்கேயே முடிந்தது. கழற்ற முடிந்தால் முன்குறியும் பின்குறியும் கைகொடுக்கும். முன்கூட்டியே குறிநேர்த்த (தோட்டா படும் இடத்தோடு குறி ஒத்துப்போகுமாறு சரிசெய்த) இரண்டாவது ஸ்கோப் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஐரோப்பாவில் ஆட்களை விட்டுக் காட்டுப்பன்றியைக் கலைத்து ஓட்டும் வேட்டைக்குச் சிறிய சிவப்புப்புள்ளி நோக்கியையும், அந்திநேரம் மேடையில் காத்திருந்து சுட பெரிய முகப்புக் கண்ணாடி உள்ள ஸ்கோப்பையும் ஒரே ரைபிளில் மாற்றி மாற்றி மாட்டுகிறார்கள். எடுத்துச் செல்வது, குழலைத் துடைப்பது ஆகியவையும் எளிதாகும் என்பார்கள். அது உண்மைதான் என்றாலும் அதற்காக மட்டும் இதை யாரும் வாங்க வேண்டியதில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்குறி, பின்குறி இல்லாமலே இன்று பல ரைபிள்கள் விற்பனைக்கு வருகின்றன. மாற்று ஸ்கோப்பும் இல்லாத ஒருவருக்கு அத்தகைய ரைபிளில் இந்த அமைப்பு கூடுதல் எடை மட்டுமே. உருப்பெருக்கத்தை ஒன்று வரை இறக்கக்கூடிய 1–6 போன்ற ஸ்கோப்புகள் வந்தபின் புதர்க்காட்டுத் தேவையும் ஓரளவு குறைந்துவிட்டது. இன்னொரு நுணுக்கமும் உண்டு: ஸ்கோப்பின் உயரத்துக்கு ஏற்றபடி கன்னம் பதியும் கட்டை அமைந்திருந்தால், ஸ்கோப்பைக் கழற்றியதும் கண் முன்குறிக்கு மேலே நின்றுவிடும். ஆகவே ஏந்தி தாழ்வாக இருக்க வேண்டும், ரைபிளும் அதற்கேற்ப அமைந்திருக்க வேண்டும்.

> திரும்ப மாட்டினால் குறி மாறாது என்பது விளம்பரப் பேச்சு. அதைப் பெயரில் ஏற்றலாமா?

இந்த மறுப்பை எளிதில் தள்ள முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏந்தியின் முன்கால், பின்கால் இரண்டுக்கும் இடையே 100 மில்லிமீட்டர் தூரம் என்று கொள்வோம். மாட்டும்போது ஒரு கால் மட்டும் 0.01 மில்லிமீட்டர் உயர்ந்து உட்கார்ந்தால், 100 மீட்டர் தொலைவில் தோட்டா 1 சென்டிமீட்டர் விலகும். பல ஐரோப்பிய ஸ்கோப்புகளில் குறியைச் சரிசெய்யும் திருகை ஒரு ‘கிளிக்’ திருப்பினால் நகரும் அளவு இது. ஒரு கால் அடியில் 0.05 மில்லிமீட்டர் மணல்துகள் சிக்கினால் விலகல் 5 சென்டிமீட்டர். மாட்டும் முன் இரண்டு பரப்புகளையும் துடைக்கச் சொல்வது இதனால்தான்.

நல்ல ஏந்தி இதை எப்படிச் சமாளிக்கிறது? ஸ்கோப்பை ஒவ்வொரு முறையும் ஒரே பரப்புகளில், ஒரே அழுத்தத்தில் உட்கார வைக்கிறது. ஸ்கோப் போன்றவற்றைப் பொருத்த ரைபிளின் மேல் அமைக்கும் பட்டைக்கு 1995-இல் வகுக்கப்பட்ட தரமான பிக்காடின்னி தண்டவாளத்தில் குறுக்குப் பள்ளங்கள் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும்; ஏந்தியின் அடியிலுள்ள குறுக்குக்கட்டை அவற்றில் ஒன்றில் இறங்கும். சுடும்போது ரைபிள் பின்னால் போகும்; ஸ்கோப் தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயலும், அதாவது ரைபிளைப் பொறுத்தவரை முன்னோக்கி நகரும். ஆகவே ஏந்தியை முன்பக்கமாகத் தள்ளி, குறுக்குக்கட்டை பள்ளத்தின் முன்சுவரைத் தொட்டபின்தான் பிடியை மடக்கிப் பூட்ட வேண்டும். 2009-இல் ஏற்கப்பட்ட நேட்டோ தண்டவாளத் தரம், சாய்ந்த பக்கங்களை நம்பாமல் தட்டையான மேல்பரப்பில் ஏந்தியை அமர்த்தச் சொல்கிறது. மீண்டும் அதே இடத்தில் அமர வேண்டும் என்பதே அந்த மாற்றத்தின் நோக்கம்.

ஆகவே குறி மீள்வது வெறும் விளம்பரம் அல்ல, அளந்து பார்க்கக்கூடிய ஒரு குணம். ஐந்து குண்டு சுட்டு, கழற்றி மாட்டி, மறுபடி ஐந்து சுட்டால் இரண்டு தொகுப்புகளின் மையமும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தேறாத மலிவுப் பொருளை இந்தப் பெயரால் அழைக்க வேண்டாம். அது வெறும் கழற்றேந்தி.

> ஜெர்மானிய வகைகளுக்கும் இந்தச் சொல் பொருந்துமா?

பொருந்த வேண்டும், ஏனென்றால் இந்தக் கலை அங்கே பழையது. ஜெர்மனியின் சூல் (Suhl) நகரத் துப்பாக்கித் தொழிலாளர்களின் பெயரால் வழங்கும் கொக்கி வகையில், முன்கொக்கிகளைப் பள்ளத்தில் நுழைத்து, பின்பக்கத்தை அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ரைபிளுக்கும் அரம் வைத்துக் கையால் இழைத்துப் பொருத்துவார்கள். சுழல் வகையில் ஸ்கோப்பைப் பக்கவாட்டில் சுழற்றி எடுக்கலாம். பிளேசர் ரைபிள்களின் சேண வகை நேராகக் குழலின் மேலேயே உட்காரும். அமெரிக்காவில் கிரிஃபின் அண்ட் ஹவ் நிறுவனத்தின் பக்கவாட்டு வகை வேட்டை ரைபிளுக்காக வந்தது. இரண்டாம் உலகப்போரில் எம்1சி என்ற குறிசுடும் ரைபிளுக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். நெம்புபிடி, கொக்கி, சுழல், சேணம் என்று பூட்டும் முறை எத்தனையானாலும் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது மீள்வதுதான்.

எனவே என் முன்மொழிவு: பொதுவாக ஸ்கோப் மவுண்டுக்கு நோக்கேந்தி. திருகாணியால் நிலையாகப் பொருத்துவது நிலையேந்தி. கழற்றினாலும் குறி மாறாமல் திரும்ப அமர்வது மீளேந்தி. ரிட்டர்ன் டு ஜீரோ என்பதற்குக் குறிமீட்சி. ஜீரோ செய்வதற்குக் குறிநேர்த்தல். சுழியமாக்கல் என்று சிலர் எழுதுகிறார்கள். அது எண்ணைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. இங்கே நாம் செய்வது குறியையும் தோட்டா படும் இடத்தையும் நேராக்குவது.

பூட்டு என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். வில்லில் நாண் பூட்டுகிறோம், ஏர் பூட்டுகிறோம். அந்தப் பொருளில் மிகப் பொருத்தம். ஆனால் துப்பாக்கியோடு சேர்த்து எழுதும்போது பாதுகாப்புப் பூட்டையும் விசைப்பூட்டையும் நினைவூட்டிவிடும். அதனால் விட்டுவிட்டேன்.

பட்டியலில் சேர்க்க வரையறை இப்படி இருக்கலாம்:

மீளேந்தி (பெயர்ச்சொல்): தனிக்கருவி இல்லாமல் கையால் கழற்றி மாட்டக்கூடியதும், மாட்டியபின் குறிமீட்சி தருவதுமான நோக்கேந்தி.

பூட்டும் அந்த மடக்குப்பிடிக்கு, லீவர் என்பதற்கு வழக்கமான நெம்புகோல் இங்கே ஒத்துவரவில்லை. அது கோல் அல்ல, விரலளவு பிடி. மேலே நெம்புபிடி என்று எழுதியிருக்கிறேன். பட்டறை வேலை தெரிந்தவர்கள் இதைவிட நல்ல சொல் வைத்திருந்தால் அடுத்த மடலில் தெரிவியுங்கள்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்