விசிறி சுத்துது, திரையில ஒண்ணும் வரல: மும்பைக்காரங்க அனுபவம்

செம்பூர்:

ஜூன் பிறந்தா எங்க பில்டிங்ல ரெண்டு விஷயம் நிச்சயம். லிஃப்ட் நிக்கும், யாராவது ஒருத்தர் வீட்டு கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. நான் வேலை பாக்கறது அக்கவுண்ட்ஸ்ல. சொன்னா யாரும் நம்பறதில்ல, கூப்பிட்டுட்டே இருக்காங்க.

இந்தத் தடவை கீழ் வீட்டு மாமி. பட்டனை அமுக்கினா விசிறி சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல "நோ சிக்னல்". கம்ப்யூட்டர் சாமான் விக்கற லாமிங்டன் ரோடு கடைக்காரர் ஒருத்தர் பெட்டியைப் பாக்காமலே போன்ல "மதர்போர்டு கயா"ன்னுட்டார், மெயின் போர்டு போச்சாம். அந்த மாடல் போர்டு இப்ப வர்றதில்லயாம். அதனால ப்ராசஸர், ரேம்ங்கற மெமரி அட்டை எல்லாமே புதுசா வாங்கணுமாம்.

ப்ளக்கை உருவிட்டு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சேன், உள்ள தங்கின கரண்ட் இறங்கட்டும்னு. அப்புறம் ரேம் ரெண்டையும் கழட்டி வச்சுட்டு, வெறும் போர்டுல ஆன் பண்ணினேன். கீ கீன்னு விடாம கத்திச்சு. மாமி பயந்துட்டாங்க, எனக்கு நிம்மதி. போர்டும் ப்ராசஸரும் செத்திருந்தா யார் கத்தறது? (சில போர்டுல அந்த பஸ்ஸரே இருக்காது. தனியா வாங்கிச் சொருகணும், அற்ப விலைதான்.)

ரேமோட பொன் நிறப் பட்டைகளை டியூப்லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பாத்தா ஒரு ஓரமா மங்கலா, பழுப்பா ஒரு படலம். ஸ்கூல் ரப்பரால மெதுவா தேச்சேன். தூளை வாயால ஊதாம பிரஷ்ஷால தட்டிட்டு, ரெண்டு முனையும் 'க்ளிக்'குனு உக்கார்ற வரைக்கும் அழுத்தினேன். லோகோ வந்துடுச்சு. "இதுக்கா அவன் பதினெட்டாயிரம் கேட்டான்?"ன்னு மாமி அன்னிக்குப் பூரா அதையே சொல்லிட்டு இருந்தாங்க.

தாராவி:

அண்ணாச்சி, நம்ம கதை வேற மாதிரி. 90 அடி ரோட்டுல ஜெராக்ஸ், பான் கார்டு, ஆன்லைன் ஃபார்ம் கடை வச்சிருக்கேன். ராத்திரி கடை சாத்தும்போது மெயினை அணைச்சிட்டுதான் போவோம். வயர்ல கரண்ட் இருக்க வரைக்கும் பெட்டிக்குள்ள இருக்க கடிகாரத்துக்கு எஸ்எம்பிஎஸ், அதான் கரண்ட் குடுக்க டப்பா, சோறு போடும். அணைச்சிட்டா சிஆர்2032-ன்னு இருக்கே, அந்த 3 வோல்ட் பட்டன் பேட்டரி தலையிலதான் பாரம். அதனாலதான் நம்ம ஊருப் பக்கம் அது சீக்கிரம் தீருது.

ஒரு நாள் காலைல ஆன் பண்ணா தேதி எத்தனையோ வருசம் பின்னால போய் நிக்கி. எஃப்1 அமுக்கச் சொல்லுது. அமுக்குனா விண்டோஸ் லோகோ வரும், உடனே நீலத் திரை, திரும்ப முதல்ல இருந்து. கடைப் பையன் பென்டிரைவைக் கையில எடுத்துட்டான், ஃபார்மேட் போட்டுரலாம்னு. "பொறுல"ன்னேன். கஸ்டமர் ஸ்கேன் எல்லாம் சி டிரைவுலதான் கெடக்கு. முந்தின நாள் ராத்திரி வரைக்கும் ஒழுங்கா ஓடுன விண்டோஸ், பேட்டரி தீர்ந்த அன்னிக்குன்னு பாத்தா கெட்டுப்போகும்?

விண்டோஸுக்கு முன்னாலயே போர்டுல ஓடுத பயாஸுக்குள்ள போய்ப் பாத்தா, பேட்டரி தீர்ந்ததால எல்லா செட்டிங்கும் கம்பெனியில இருந்து வந்த மாதிரி மாறிக் கெடக்கு. நம்ம விண்டோஸ் ஏஎச்சிஐ மோடுல போட்டது, இது ஐடிஇ-ன்னு காட்டுது. ஹார்ட் டிஸ்க்கை எந்த வழியில போய்ப் படிக்கதுன்னு விண்டோஸுக்குத் தெரியல, அவ்வளவுதான். ஏஎச்சிஐக்கு மாத்தி சேவ் பண்ணேன், டெஸ்க்டாப் வந்துட்டு. பேட்டரியும் புதுசு போட்டாச்சு.

மறக்காம தேதியையும் சரி பண்ணிருங்க. இல்லன்னா எந்த வெப்சைட்டைத் தொறந்தாலும் பாதுகாப்பு இல்லைன்னு சிவப்பா வரும். அதை வைரஸ்னு சொல்லி இன்னொருத்தன் காசு வாங்கிட்டுப் போவான்.

முலுண்ட்:

"ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்"னு வந்தா முதல்ல பின்னாடி கையை விட்டு பென்டிரைவை உருவுங்க. கம்ப்யூட்டர் அதுல விண்டோஸைத் தேடிட்டு நிக்கும், எங்க ஆபீஸ்ல பாதி நாள் அதான் வியாதி.

மாட்டுங்கா:

செம்பூர்க்காரர் கோச்சுக்கப்படாது, ரப்பர் எனக்கு ஒப்பாது. அந்தத் தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு. தங்கம் துருப்பிடிக்காது சார், மேல இருக்கறது தூசியும் கடல் காத்து ஈரமும் சேந்த அழுக்குதான். அதைத் துடைச்சா போறும், தேய்க்க வேண்டாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹால், ஒரு நூல் பிரியாத துணி. சால்டரிங் சாமான் விக்கற கடையில கேட்டா குடுப்பான். ரிடையர் ஆறவரைக்கும் சர்வீஸ்ல இருந்தவன்ங்கற உரிமையில சொல்றேன்.

இன்னொண்ணு. தாராவித் தம்பி பண்ணினதுதான் முறை. எந்த இடத்துல நிக்கறதுன்னு பாக்காம ஸ்க்ரூ டிரைவரை எடுக்கப்படாது. லோகோ வந்துடுத்துன்னா ரேமைக் கழட்டி என்ன பிரயோஜனம்? விசிறியே சுத்தலைன்னா விண்டோஸைத் திட்டி என்ன பிரயோஜனம்?

டோம்பிவிலி:

விசிறியே சுத்தாத கேஸ் எங்க வீட்டுது. பையனுக்கு ஆன்லைன் டெஸ்ட் அன்னிக்குத்தான் படுத்துச்சு. என் தம்பி வந்து எஸ்எம்பிஎஸ்லருந்து வர்ற 24 பின் கனெக்டரைப் போர்டுலருந்து கழட்டி, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் க்ளிப்பால சேத்தான். எஸ்எம்பிஎஸ் விசிறி சுத்திச்சு. "எஸ்எம்பிஎஸ் நல்லாருக்கு, போர்டுதான் போச்சு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டான். எனக்கு மனசு கேக்கல. மல்டிமீட்டரை எடுத்து, சுமைக்கு எஸ்எம்பிஎஸ்ல ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டிட்டு, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவுல வச்சுப் பாத்தேன். 12 காட்டணும், 11.4-க்குக் கீழ போகவே கூடாது. பத்தரைல தள்ளாடுது. வெறும் விசிறியைச் சுத்த வைக்கற தெம்பு மட்டும் மிச்சம் இருந்திருக்கு. எஸ்எம்பிஎஸ் மாத்தினோம், இன்னி வரைக்கும் ஓடுது.

அந்த எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் யாரும் பிரிச்சுப் பாக்காதீங்க. ப்ளக்கை உருவினாலும் உள்ள கப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும்.

குர்லா:

2005 ஜூலை 26 வெள்ளத்தப்ப நாங்க தரைத்தளம். சாந்தாகுருஸ்ல மட்டும் ஒரே நாள்ல 944 மி.மீ. பேஞ்சுது, எங்க பெட்டி முழுசா சாக்கடைத் தண்ணியில. தண்ணி வடிஞ்சதும் ஆன் பண்ணிப் பாத்த அக்கம்பக்கத்துக்காரங்க பெட்டியெல்லாம் புகைஞ்சுது. எங்கப்பா முதல்ல அந்தப் பட்டன் பேட்டரியைக் கழட்டினார். அது இருந்தா ஈரத்துல போர்டு அரிச்சுக்கிட்டே இருக்குமாம். நல்ல தண்ணியில போர்டை அலசி, நாள் கணக்கா காய வச்சார். போர்டு பொழச்சுது. ஹார்ட் டிஸ்க் பொழைக்கல, கல்யாண ஃபோட்டோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு.

செம்பூர்:

மாட்டுங்கா சார், சரி, ஆல்கஹால் வாங்கிடறேன். ஞாயித்துக்கிழமை லாமிங்டன் ரோடு போனா பாதி ஷட்டர் இறங்கியிருக்கும், சனிக்கிழமை கிராண்ட் ரோடு இறங்கிப் போறேன். டோம்பிவிலி அக்கா, எனக்கும் ஒரு மல்டிமீட்டர் வேணும், நீங்க எதை வச்சிருக்கீங்க?

டோம்பிவிலி:

இருக்கறதுலயே விலை கம்மியானது. 20 வோல்ட் டிசி ரேஞ்ச் இருந்தா போதும். வாங்கினதும் வீட்டுல ஒரு புது பேட்டரியில வச்சு சரியா காட்டுதான்னு பாத்துக்கோங்க.